ஊர்ப்பெயரைப் பிரித்தால் வேல்ஸ் புரியும்

இங்கிலாந்திலிருந்து எம்4 நெடுஞ்சாலையில் மேற்கே போனால், செவர்ன் ஆற்றின் அகன்ற முகத்துவாரத்தைப் பாலத்தில் தாண்டியதும் ஒரு பலகை வரும். சிவப்பு டிராகன் படம், கூடவே ‘க்ரொய்சோ இ கம்ரி’ என்ற வாசகம். வேல்ஸுக்கு நல்வரவு என்று அர்த்தம், பலகையில் ஆங்கிலத்திலும் அதையே எழுதியிருப்பார்கள். கம்ரி என்றால் வேல்ஸ். அப்படியானால் ‘வேல்ஸ்’ என்பது என்ன? அது அந்த நாட்டுக்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே இல்லை. பழைய ஜெர்மானியச் சொல் ஒன்றிலிருந்து வந்தது, பொருள் ‘அந்நியர்’. கடல் தாண்டி வந்து குடியேறிய ஆங்கிலேயர்கள், ஏற்கெனவே அந்த மண்ணில் இருந்தவர்களைப் பார்த்து அந்நியர் என்றார்கள். அவர்களோ தங்களுக்குள் ‘ஒரே நாட்டுக்காரர்கள்’ என்று பொருள் வரும் சொல்லால் தங்களை அழைத்துக்கொண்டார்கள், அதுதான் கம்ரி ஆனது. ஒரே பலகையில் இரண்டு பெயர், இரண்டுக்கும் நடுவில் ஆயிரத்தைந்நூறு வருஷக் கதை.

வேல்ஸின் ஊர்களைப் பற்றி எளிமையாகச் சொல்ல வேண்டுமானால் ஊர்ப்பெயர்களில் தொடங்குவதுதான் சுலபம் என்று நினைக்கிறேன். பள்ளியில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்போம் இல்லையா, வேல்ஸின் பெரும்பாலான ஊர்ப்பெயர்கள் அசல் காரணப்பெயர்கள். ஆறு எங்கே கடலில் சேர்கிறது, கோயில் யாருக்குக் கட்டியது, பாலம் எதன் பக்கத்தில் என்று பெயரிலேயே எழுதி வைத்திருப்பார்கள். பத்து சொல் தெரிந்தால் போதும், வரைபடத்தில் பாதி ஊர்கள் வாயைத் திறந்து பேச ஆரம்பித்துவிடும்.

முதலில் அளவு தெரிந்துகொள்வோம். மொத்தமே ஏறக்குறைய 31 லட்சம் மக்கள். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 5.38 லட்சம், அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. ஆனால் இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்ய முடியாது. வடமேற்கில் குவினெத் மாவட்டத்தில் 64 சதவீதம், தலைநகர் கார்டிஃபில் 12, தென்கிழக்கில் பழைய இரும்பு, நிலக்கரிப் பகுதியான ப்ளைனாய் குவென்ட்டில் 6. ஒரு ஊரில் ரொட்டிக்கடையில் வெல்ஷில்தான் விலை கேட்பார்கள், இன்னொரு ஊரில் தெருப்பலகையிலும் பள்ளியிலும் மட்டும்தான் அந்த மொழி காதில் கண்ணில் படும். இரண்டும் வேல்ஸ்தான்.

சரி, எழுத்துக்கு வருவோம். வெல்ஷைப் பார்த்ததும் எல்லோரும் பயப்படுவது அதன் எழுத்துக்கூட்டலைப் பார்த்துத்தான், உயிரெழுத்தே இல்லாமல் மெய்யாக அடுக்கியிருக்கிறார்களே என்று. உண்மையில் ஆங்கிலத்தைவிட ஒழுங்கான எழுத்துமுறை அது. ‘டபிள்யூ’ அங்கே பெரும்பாலும் உயிரெழுத்து, ‘உ’ ஒலி. இரண்டு ‘டி’ சேர்ந்து வந்தால், நாம் ‘அது, இது’ என்று சொல்லும்போது வருகிற மெல்லிய ‘த’. ‘சிஎச்’ வந்தால் ‘எஃகு’ என்ற சொல்லில் வருகிற அந்த ஆய்த ஒலிக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில். ஒற்றை ‘எஃப்’ வந்தால் ‘வ’. இதெல்லாம் தமிழ் நாக்குக்குப் பெரிய சிரமமில்லை. சிரமம் இரண்டு ‘எல்’ சேர்ந்து வருவதில் இருக்கிறது. நாக்கை ‘ல்’ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், நாக்கின் பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊதிவிட வேண்டும். நம் ‘ழ’ வெளியூர்க்காரர்களைப் படுத்துகிற மாதிரி இது அங்கே வருகிறவர்களைப் படுத்தும். இந்தக் கட்டுரையில் அதை ‘ஹ்ல’ என்று எழுதுகிறேன். சரியான ஒலி இல்லை, வேறு வழியுமில்லை.

இன்னொரு விஷயம், சொல்லின் முதலெழுத்தே மாறும். நம் புணர்ச்சியில் பெரும்பாலும் சொற்கள் சேரும் இடத்தில் ஏதாவது தோன்றும், திரியும், கெடும். வெல்ஷில் அதற்குப் பதிலாக அடுத்த சொல்லின் தலையே மாறிவிடும். ‘க’ ஒலி எடுப்பொலி ‘க’ ஆகும் (‘கடல்’ என்பதில் வருவது ‘அகம்’ பக்கம் நகர்கிற மாதிரி), ‘ட’வும் ‘ப’வும் அப்படியே. ‘ம’ வந்தால் ‘வ’ ஆகும். எல்லையில் இருக்கும் அந்த நல்வரவுப் பலகையில்கூட நாட்டின் பெயர் தலைமாறித்தான் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் தமிழில் எழுதினால் இதில் பாதி மாற்றம் காணாமல் போய்விடும். நமக்கு ஒரே ‘க’, ஒரே ‘ட’, ஒரே ‘ப’ தானே. அகராதியில் ஊர்ப்பெயரைத் தேடி ‘இப்படி ஒரு சொல்லே இல்லையே’ என்று முழிக்கிற புதியவர்களுக்கு, தமிழ் எழுத்து இந்த ஒரு விஷயத்தில் இலவசமாக உதவி செய்கிறது.

இப்போது சொற்கள். ‘ஹ்லான்’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வேல்ஸ் வரைபடத்தில் எங்கே விரலை வைத்தாலும் பக்கத்தில் ஒரு ஹ்லான் இருக்கும். ஆதியில் அதற்கு வேலியடைத்த இடம் என்று பொருள். அப்புறம் அந்த வேலிக்குள் இருக்கும் தேவாலயம், அப்புறம் தேவாலயத்தைச் சுற்றி வந்த ஊர் என்று பொருள் விரிந்துகொண்டே போனது. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் ஊர் ஊராகப் போய் வழிபாட்டு இடங்களை நிறுவிய துறவிகளின் பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும். டெய்லோ என்பவரின் ஹ்லான், ஹ்லான்டெய்லோ. டிட்னோவின் ஹ்லான், ஹ்லான்டிட்னோ, இன்று வடக்குக் கடற்கரையில் பெரிய சுற்றுலா ஊர். கொஹ்லென் என்பவரின் ஹ்லான், ஹ்லாங்கொஹ்லென். ரோமாபுரிப் பட்டியலில் தேடினால் இந்தப் புனிதர்களில் பலர் கிடைக்கமாட்டார்கள், அந்தந்த வட்டாரத்தோடு சரி. கன்னி மரியாளுக்கு வெல்ஷில் ‘மயர்’. ஹ்லானோடு சேரும்போது ம, வ ஆகி ‘ஹ்லான்வயர்’. இந்தப் பெயரில் மட்டும் ஏகப்பட்ட ஊர்கள் உண்டு, அதனால் எந்த ஹ்லான்வயர் என்று சொல்லப் பின்னால் இன்னும் ஏதாவது சேர்ப்பார்கள். இந்த ‘இன்னும் ஏதாவது’தான் ஒரு ஊரில் எல்லை மீறிப் போனது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஹ்லான்தெவி ப்ரெவி என்று ஒரு கிராமம். டெவி, அதாவது வேல்ஸின் காவல் புனிதர் டேவிட், அங்கே பிரசங்கம் செய்தபோது கூட்டத்தின் பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று அவர் நின்ற தரை மேடாக எழும்பியதாம். ஏற்கெனவே மலையும் மேடுமாகக் கிடக்கிற நாட்டில் இன்னொரு மேட்டை உண்டாக்கியதுதான் அற்புதமா என்று வேல்ஸ்காரர்களே இதைக் கேலி செய்வார்கள்.

‘அபெர்’ என்றால் ஆறு போய்ச் சேருமிடம், கடலிலோ இன்னொரு ஆற்றிலோ. அபெரிஸ்ட்வித், இஸ்ட்வித் ஆற்றின் முகம். ஸ்வான்சீ நகருக்கு வெல்ஷில் அபெர்டாவெ, டாவெ ஆற்றின் முகம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், பல ஊர்களுக்கு ஆங்கிலப் பெயரும் வெல்ஷ் பெயரும் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். ஃபிஷ்கார்ட் என்பதும் அபெர்குவயின் என்பதும் ஒரே ஊர். முன்னது கடலோடிகளான வைக்கிங்குகள் வைத்துவிட்டுப் போன பெயர், பின்னது உள்ளூர்ப் பெயர். ஸ்வான்சீயும் அப்படித்தான், அன்னப்பறவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘பொன்ட்’ பாலம், ‘பென்’ தலை அல்லது முனை, ‘கும்’ பள்ளத்தாக்கு, ‘போர்த்’ துறைமுகம். பொன்ட்டப்ரீத் என்ற ஊரின் பெயரைப் பிரித்தால் மண்வீட்டுப் பக்கத்துப் பாலம் என்று வரும். மண்வீடு போய்விட்டது, பாலம் இருக்கிறது. வில்லியம் எட்வர்ட்ஸ் என்ற போதகர், தானாகவே கட்டடவேலை கற்றுக்கொண்டவர், டாஃப் ஆற்றின் குறுக்கே கட்டுவார், இடியும். மறுபடி கட்டுவார், மறுபடி இடியும். கடைசியில் வளைவின் இரண்டு தோள்களிலும் உருளை வடிவில் மூன்று மூன்று ஓட்டைகள் விட்டுப் பாரத்தைக் குறைத்தார். 1756இல் கட்டி முடித்த அந்த ஒற்றை வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது. பக்கத்திலேயே பின்னாளில் போட்ட சமதளப் பாலத்தில் நின்று பார்த்தால் அந்த ஓட்டைகள் வழியே வானம் தெரியும். அதன் மேல் ஏறி இறங்குவது வண்டிகளுக்குச் சரியான தண்டனை, அவ்வளவு செங்குத்து.

‘கயர்’ என்றால் கோட்டை, அதிலும் பெரும்பாலும் ரோமானியர் விட்டுப்போன கோட்டை. கார்டிஃப் வெல்ஷில் கயர்டீத், டாஃப் ஆற்றங்கரைக் கோட்டை. கயர்வர்தின் என்ற ஊரின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் மொரிடூனும், கடற்கோட்டை என்று பொருள். காலப்போக்கில் அந்தச் சொல் தேய்ந்து மர்தின் ஆனது. மக்களுக்கு ‘கோட்டை’ என்ற அர்த்தம் மறந்துபோக, முன்னால் புதிதாக ஒரு ‘கயர்’ சேர்த்தார்கள். இப்போது அது ‘கோட்டை கடற்கோட்டை’. நடுச்சென்டர் என்கிற மாதிரி. அதோடு விடவில்லை. மர்தினின் கோட்டை என்றால் மர்தின் என்று ஒரு ஆள் இருந்திருக்க வேண்டுமே? அப்படித்தான் ஊர்ப்பெயரிலிருந்து ஒரு மந்திரவாதி பிறந்தார், 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதும்போது அவர் பெயர் மெர்லின் ஆனது, ஆர்தர் மன்னன் கதைகளில் நிரந்தர இடம் பிடித்தார். ஆள் பெயரால் ஊர் உண்டாவது உலக வழக்கம், ஊர்ப்பெயரால் ஆள் உண்டானது இங்கே.

அடுத்து, எது நகரம், எது கிராமம்? வெல்ஷில் மூன்று சொற்கள்: டினாஸ் நகரம், ட்ரெவ் ஊர் அல்லது பட்டணம், பென்ட்ரெவ் கிராமம். டினாஸ் பழைய காலத்தில் அரண் என்ற பொருளில் வழங்கியது. அதனால்தான் டினாஸ் மவ்துய் என்ற மலையடிவாரக் கிராமம், பெயரளவில் நகரமாகவே இருக்கிறது. ட்ரெவ் என்பதும் தொடக்கத்தில் பட்டணம் இல்லை, ஒரு குடும்பத்தின் பண்ணை வீடும் நிலமும். அதன் தடயம் மொழியில் இன்னும் அழியவில்லை. வீடு, இல்லம் என்பதற்கு வெல்ஷில் ‘கார்ட்ரெவ்’. ‘வீட்டுக்குக் கிளம்புகிறேன்’ என்பதில் வரும் சொல் ‘அட்ரெவ்’. இரண்டிலும் அந்த ட்ரெவ் உட்கார்ந்திருக்கிறது. பழைய வேல்ஸில் மக்கள் நெருக்கமாகக் கூடி வாழவில்லை, மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனிப் பண்ணைகள்தான். ட்ரெ என்று தொடங்கும் ஊர்களில் பல ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய பண்ணைதான்.

இதெல்லாம் மொழி. சட்டப்படி நகரம் எது என்பது தனிக்கதை, அதில் மக்கள்தொகைக்கும் வேலையில்லை. பிரிட்டனில் நகர அந்தஸ்து என்பது மன்னர் கொடுக்கிற பட்டம். வேல்ஸில் இப்போது ஏழு நகரங்கள்: கார்டிஃப், ஸ்வான்சீ, நியூபோர்ட், பாங்கர், செயின்ட் டேவிட்ஸ், செயின்ட் ஏசாஃப், ரெக்சம். இதில் கார்டிஃபில் 3.6 லட்சம் பேர். செயின்ட் டேவிட்ஸில் சுமார் 1,750 பேர்! ஐக்கிய இராச்சியத்தின் மிகச் சிறிய நகரம் அதுதான். வெல்ஷில் டீதெவி, டேவிட்டின் வீடு. மேற்குக்கோடியில் கடலை ஒட்டி இருக்கிறது. அதன் பெரிய தேவாலயம் மேட்டில் இல்லாமல் பள்ளத்தில் பதுங்கியிருக்கும், ஊருக்குள் வந்து வாசலைத் தாண்டிப் படியிறங்கினால்தான் முழுசாகக் கண்ணில் படும். ஒரு காலத்தில் இரண்டு தடவை டீதெவிக்கு யாத்திரை போனால் ஒரு தடவை ரோமுக்குப் போன புண்ணியம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். இந்தப் பழம்பெருமையை வைத்து 1994இல் எலிசபெத் ராணி அதற்கு நகர அந்தஸ்து கொடுத்தார். ரெக்சம் இதற்கு நேர்மாறு. வட வேல்ஸின் பெரிய பட்டணம், 1864இல் தொடங்கிய கால்பந்து அணி, எல்லாம் இருந்தும் பலமுறை விண்ணப்பித்துப் பலமுறை கைநழுவி, கடைசியில் 2022இல்தான் நகரமானது. இப்போது உலகத்துக்கே அந்த ஊர் தெரியும் என்றால் அதற்குக் காரணம் நகரப் பட்டம் கிடையாது, 2021இல் இரண்டு நடிகர்கள் அந்தக் கால்பந்து அணியை வாங்கியதுதான்.

கார்டிஃப் தலைநகரமானது 1955இல்தான் என்றால் நிறையப் பேர் நம்பமாட்டார்கள். அதுவரை வேல்ஸுக்கு அதிகாரபூர்வத் தலைநகரமே கிடையாது. நிலக்கரி ஏற்றுமதியில் வளர்ந்த துறைமுகம், தென்கிழக்கு மூலையில். வடக்கே இருப்பவர்களுக்கு அது தூரத்து ஊர், இன்றைக்கும். கார்டிஃபிலிருந்து பாங்கருக்கு ரயிலில் போக வேண்டுமானால் இங்கிலாந்துக்குள் நுழைந்து ஷ்ரூஸ்பரி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். சொந்த நாட்டின் வடக்கையும் தெற்கையும் நாட்டுக்குள்ளேயே இணைக்கும் ரயில்பாதை இல்லை. ரயில்பாதைகள் போட்டது நிலக்கரியும் கல்லும் வெளியே போக, ஊரும் ஊரும் பேசிக்கொள்ள இல்லை.

தலைநகரப் போட்டியில் கயர்நார்வொனும் இருந்தது. அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். வேல்ஸின் பட்டணங்களில் பல வேல்ஸ்காரர்கள் கட்டியவையே இல்லை. 1283இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வட வேல்ஸை வென்று முடித்தார். வென்ற இடத்தைப் பிடியில் வைத்திருக்கக் கோட்டைகள் எழுப்பினார், கோட்டையோடு ஒட்டி மதில் சூழ்ந்த பட்டணமும் கட்டினார், பட்டணத்துக்குள் இங்கிலாந்திலிருந்து வணிகர்களையும் கைவினைஞர்களையும் கொண்டுவந்து குடிவைத்தார். கயர்நார்வொன், கொன்வி, பின்னால் பியூமாரிஸ் எல்லாம் அப்படி வந்தவை. சுற்றுவட்டார வணிகம் மதிலுக்குள் நடக்கும், மதிலுக்குள் வாழும் உரிமை வந்தவர்களுக்கு. பியூமாரிஸ் கட்ட இடம் வேண்டும் என்று ஹ்லான்வயிஸ் என்ற செழிப்பான ஊரைக் காலி செய்து, அதன் மக்களை அந்த ஊர் இருந்த ஆங்கலசீ தீவின் மறுகோடிக்கு அனுப்பிப் புது ஊர் ஒன்றில் இருக்கச் சொன்னார்கள். அதன் பெயரும் ‘புதுப்பட்டணம்’ என்றே பொருள்படும் நியூபரோ. 1400இல் வேல்ஸ் பிரபுவான ஒவைன் க்லின்டூர் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தபோது இந்த மதிற்பட்டணங்கள் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்ததற்கு இதெல்லாம் காரணம்.

இன்று அதே கயர்நார்வொனுக்குப் போனால் கோட்டை அப்படியே இருக்கிறது, பட்டைபட்டையாக நிறம் மாறும் கல், பல கோணக் கோபுரங்கள். வெளியே சதுக்கத்தில் காது கொடுத்தால் வெல்ஷ்தான், நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெல்ஷ் பேசும் ஊர், பட்டணங்களில் இவ்வளவு அடர்த்தி வேறெங்கும் இல்லை. வெல்ஷ்காரர்களை வெளியே வைப்பதற்காகக் கட்டிய மதில், இப்போது அதற்குள் வெல்ஷ். உள்ளூர்க்காரர்களுக்கு ‘கோவி’ என்று பட்டப்பெயர், அவர்களுக்கென்று தனிக் கொச்சை உண்டு. ஊரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், ‘ட்ரெ’ என்பார்கள், அதாவது பட்டணம். வேறு எந்தப் பட்டணத்தைச் சொல்லப்போகிறோம் என்ற தோரணை.

அப்புறம் இரும்பும் நிலக்கரியும் வந்தன, ஊர்களின் கணக்கே மாறிப்போனது. 1801 கணக்கெடுப்பில் வேல்ஸின் மிகப் பெரிய ஊர் கார்டிஃப் இல்லை, இரும்பு உருக்கும் மெர்த்தர் டிட்வில். உலகில் முதன்முதலாகத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் சரக்கு இழுத்ததும் 1804இல் அங்கேதான். ரொந்தா பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டால் 1851இல் ஆயிரம் பேர்கூட இல்லாத ஆட்டு மேய்ச்சல் நிலம், 1911இல் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். இடமோ ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அடியில் ஆறு, ரயில்பாதை, சுரங்கம், மிச்சமிருக்கும் சரிவில் ஒட்டு ஒட்டாக வரிசை வீடுகள், ஒரு தெருவின் கூரைக்கு மேலே அடுத்த தெருவின் வாசல். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல முடியாது, உள்ளூர்க்காரரிடம் கேட்டால் குறிப்பிட்ட விளக்குக்கம்பத்தையே காட்டுவார். ரொந்தாவின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடியது. வீடுகள் இருக்கின்றன, ஊர் உண்டானதற்கான காரணம் இல்லை, இப்போது நிறையப் பேர் காலையில் ரயிலேறிக் கார்டிஃபுக்கு வேலைக்குப் போகிறார்கள்.

வடக்கே நிலக்கரிக்குப் பதில் ஸ்லேட், கூரை வேயும் கல்பலகை. அங்கே ஊர்ப்பெயர்கள் திடீரென்று பைபிளாக மாறும்: பெத்தெஸ்டா, நெபோ, கார்மெல், நாசரெத். அரசு சார்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபையை விட்டு விலகியவர்கள் வழிபாட்டு மன்றம் கட்டுவார்கள், அதற்குப் பைபிள் பெயர் வைப்பார்கள், சுற்றி வீடுகள் வரும், மன்றத்தின் பெயரே ஊருக்கு நிலைத்துவிடும். முன்னால் பார்த்த ஹ்லானுக்கு 19ஆம் நூற்றாண்டுப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம். பெத்தெஸ்டாவில் பென்ரின் கல்குவாரித் தொழிலாளர்கள் 1900 நவம்பரில் வேலையை நிறுத்தி மூன்று வருஷம் திரும்பவில்லை. நடுவில் சிலர் வேலைக்குத் திரும்பியபோது, திரும்பாதவர்கள் ஜன்னலில் ஒரு அட்டை வைத்தார்கள், ‘இந்த வீட்டில் துரோகி யாரும் இல்லை’ என்று வெல்ஷில். அட்டை இல்லாத வீட்டை ஊரே கவனிக்கும். அந்தப் பிளவு வேலைநிறுத்தத்தோடு முடியவில்லை, தலைமுறைகளுக்கு நீண்டது.

ஊர் உண்டான கதைகளுக்கு நடுவில், இல்லாமல் போன ஒரு ஊரையும் சொல்ல வேண்டும். காப்பெல் கெலின், பாலா என்ற ஊருக்கு மேலே ட்ரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த சிறு கிராமம். பள்ளி, தபால் நிலையம், வழிபாட்டு மன்றம், இடுகாடு, கொஞ்சம் வீடுகளும் பண்ணைகளும். எல்லோரும் வெல்ஷ் பேசுகிறவர்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகராட்சிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. வேல்ஸின் உள்ளாட்சிகளிடம் அனுமதி கேட்காமல் நேராக லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போய் 1957இல் தனிச் சட்டமே வாங்கியது. வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை, ஆனாலும் நிறைவேறியது. 1965இல் கிராமம் நீரில் மூழ்கியது. கடும் கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பழைய சுவர்களின் அடித்தளம் தெரியும். அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே கடலோரச் சாலையில் ஒரு பாழடைந்த வீட்டுச் சுவரில் யாரோ ‘ட்ரவெரினை நினைவில் வை’ என்று பெயின்டால் எழுதினார்கள். முதலில் எழுதியவர் முதலெழுத்து மாற வேண்டிய இடத்தில் மாற்றாமல் விட்டிருந்தார் என்பது கூடுதல் தகவல், தமிழில் எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 2019இல் யாரோ அந்தச் சுவரை இடித்தார்கள், உடனே திரும்பக் கட்டினார்கள், அதோடு வேல்ஸ் முழுக்கக் கொட்டகைச் சுவர், பாலத்தூண், கார்க் கண்ணாடி என்று அந்த இரண்டு சொல் முளைத்தது. லிவர்பூல் 2005இல் மன்னிப்புக் கேட்டது.

வாக்குக் கொடுத்தபடி அந்த நீளப்பெயர் ஊர். ஹ்லான்வயர்-புஹ்ல்-குவின்-கிஹ்ல்-கோகெர்-அ-ஃகுவிர்ன்-ட்ரோபுஹ்ல்-ஹ்லான்-டிசிலியோ-கோகோ-கோஃக். ஆங்கலசீ தீவில் உள்ள கிராமம். 58 எழுத்து என்று உலகமே சொல்லும், வெல்ஷ் கணக்கில் இரட்டை ‘எல்’ போன்றவை ஒரே எழுத்து என்பதால் 51தான். சுழித்தோடும் நீர்ச்சுழிக்கும் செங்குகைப் பக்கத்து டிசிலியோ கோயிலுக்கும் அருகே, வெள்ளை ஹேசல் மரப் பள்ளத்தில் உள்ள மரியாள் கோயில் என்று போகும். 1860களில் ரயிலில் வருகிற சுற்றுலாக்காரர்களை இறக்கி நிறுத்த நீட்டிய பெயர் இது, விளம்பரம். இன்றும் ரயில் நிலையப் பெயர்ப்பலகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், ஆகப் போட்ட முதலுக்கு லாபம் வந்துவிட்டது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஹ்லான்வயர்-புஹ்ல், அவ்வளவுதான்.

இப்போது வேல்ஸ் ஊர்களில் பேச்சு பெரும்பாலும் வீட்டைப் பற்றித்தான். கடலோரக் கிராமங்களில் வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடு வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது, உள்ளூர்ப் பிள்ளைகள் வாங்க முடியாமல் வெளியேறுகிறார்கள். ஹ்லீன் தீபகற்பத்தில் அபெர்சோஃக் என்ற ஊர், கோடையில் கால் வைக்க இடமிருக்காது, குளிர்காலத்தில் தெருவில் விளக்கெரியும் வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். பிள்ளைகள் குறைந்து அதன் தொடக்கப்பள்ளி 2021 டிசம்பரில் மூடியது. 2023 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீடுகள் மேல் வீட்டுவரியோடு 300 சதவீதம் வரை கூடுதல் வரி போட உள்ளாட்சிகளுக்கு அனுமதி உண்டு, குவினெத் 150 சதவீதம் போட்டது. வரியால் எவ்வளவு மாறும் என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி, ஏனென்றால் சுற்றுலாவை நம்பியிருப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். வாங்குகிறவர்கள் சில சமயம் வீட்டின் பழைய வெல்ஷ் பெயரை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் கடற்காட்சி, கடல்காகம் என்று எதையாவது வைத்துவிடுவது தனி எரிச்சல். எனக்கும் அதில் அவர்கள் பக்கம்தான் சாய்வு. வயலுக்கும் பாறைக்கும்கூடப் பெயர் வைத்திருக்கிற நாட்டில் பெயர்ப்பலகையை மாற்றுவது சின்ன விஷயமாக இருக்க முடியாது. தேசியப் பூங்காக்களே இப்போது திரும்பி வந்திருக்கின்றன, ஸ்னோடோனியா 2022இலிருந்து எரரி, ப்ரெக்கன் பீக்கன்ஸ் 2023இலிருந்து பனாய் ப்ரஹைனியோக்.

ஒரு பெயரை நீங்களே பிரித்துப் பாருங்கள். மேற்கே டெய்வி ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பட்டணம், 1822லேயே கல்லூரிக்கு அடிக்கல் நாட்டிய ஊர்: ஹ்லான்பெடர் பொன்ட் ஸ்டெஃபன். ஹ்லான் தெரியும், பொன்ட் தெரியும். பெடர் என்பது பேதுரு, முதலெழுத்து மாறியிருக்கிறது, தமிழில் தெரியவில்லை. ஸ்டெஃபன் என்பது ஸ்டீபன். ஸ்டீபன் பாலத்தருகே பேதுரு கோயில். ஆங்கிலத்தில் அதை லாம்பீட்டர் ஆக்கினார்கள். ஊர்க்காரர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, ஹ்லாம்பெட் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.